மணல் பிறக்கும் இடம்

1965இல் கலிபோர்னியாவின் வில்சன் மலையில் ஒரு புதுமாதிரித் தொலைநோக்கி வானத்தைப் பட்டை பட்டையாகத் துழாவத் தொடங்கியது. அதன் 62 அங்குல ஆடி கண்ணாடியைத் தேய்த்துச் செய்ததல்ல. எபாக்சிப் பிசினைத் தட்டில் ஊற்றிச் சீராகச் சுழற்றினால் மேற்பரப்பு தானாகவே பரவளையமாகக் குழியும். அந்த நிலையிலேயே இறுகவிட்டு அலுமினியம் பூசினார்கள். கால்டெக்கைச் சேர்ந்த ஜெரி நியூகிபவரும் ராபர்ட் லேட்டனும் உருவாக்கிய அந்தக் கருவிக்குக் கூர்மையான படம் எடுக்கும் வேலை இல்லை. 2.2 மைக்ரான் அலைநீளத்தில், அதாவது கண்ணுக்கு எட்டாத அகச்சிவப்பு ஒளியில், வானம் எப்படி இருக்கிறது என்று ஒருமுறை முழுதாகப் பார்த்துவிடுவதே அவர்கள் நோக்கம். நம் கண் பார்ப்பது 0.4 முதல் 0.7 மைக்ரான் வரைதான்.

1969இல் வெளியான அவர்களது பட்டியலில் சுமார் 5,600 பொருள்கள் இருந்தன. வெறுங்கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களின் மொத்த எண்ணிக்கையும் ஏறத்தாழ அவ்வளவுதான், ஆனால் இரண்டும் ஒரே கூட்டமல்ல. சிம்ம மண்டலத்தில் அகப்பட்ட ஒன்று எல்லாரையும் திகைக்க வைத்தது. ஐ.ஆர்.சி. +10216 என்று அதற்கு எண் கொடுத்தார்கள். சாதாரண ஒளியில் பெரிய தொலைநோக்கி கொண்டு எடுத்த படத்திலும் அது மங்கலான ஒரு புள்ளி. 5 மைக்ரான் அலைநீளத்திலோ, சூரியக் குடும்பத்துக்கு வெளியே அன்று தெரிந்திருந்த பொருள்களில் அதுவே மிகப் பிரகாசமானது. அதிலிருந்து வந்த ஒளி சுமார் 650 கெல்வின் வெப்பத்தைக் காட்டியது. எந்த விண்மீனின் மேற்பரப்பும் அவ்வளவு குளிர்ந்திருக்க முடியாது. பார்த்துக்கொண்டிருந்தது விண்மீனை அல்ல, அதைச் சூழ்ந்திருந்த சூடான தூசியை. உள்ளே ஒரு கிழ விண்மீன், தான் கக்கிய தூசிக்குள் தானே மறைந்து கிடந்தது.

விண்வெளித் தூசி என்றால் காட்சியைக் கெடுக்கும் இடைஞ்சல் என்றுதான் வானியலாளர்கள் வெகுகாலம் நினைத்தார்கள். அந்த எண்ணத்தை இந்தக் கிழ விண்மீன்கள் மாற்றின. பேரண்டத்தில் திடப்பொருள் என்று ஒன்று முதன்முதலாக உருவாகும் இடங்களில் முக்கியமானது இவற்றின் மேற்பரப்புக்குச் சற்று மேலே இருக்கிறது. பாறையும் கரியும் அங்கே வாயுவிலிருந்து நேராகப் பிறக்கின்றன.

இந்த விண்மீன்கள் எப்படிப்பட்டவை? சூரியனின் நிறையிலிருந்து அதைப்போல் எட்டு மடங்கு வரை நிறைகொண்ட விண்மீன்கள் எல்லாம் முதுமையில் இந்தக் கட்டத்தைக் கடக்கும். நடுவில் கார்பனும் ஆக்சிஜனும் இறுகிய சிறு கரு. அதைச் சுற்றி ஹீலியம் எரியும் மெல்லிய ஓடு, அதற்கும் வெளியே ஹைட்ரஜன் எரியும் ஓடு. இவற்றுக்கு மேலே பிரம்மாண்டமாக உப்பிய, மிக ஐதான வாயு உறை. சூரியனின் இடத்தில் அப்படியொரு விண்மீனை வைத்தால் பூமியின் பாதை அதற்குள்ளேயே போய்விடலாம். மேற்பரப்பின் வெப்பம் 3,000 கெல்வினுக்குக் கீழே. உறை முழுவதும் சில நூறு நாள்களுக்கு ஒருமுறை விரிந்து சுருங்கும். இந்தத் துடிப்பால்தான் இவை மாறுமீன்களாகத் தெரிகின்றன.

இந்த வகையில் முதலில் அறியப்பட்டது திமிங்கில மண்டலத்தில் உள்ள மீரா. 1596 ஆகஸ்டில் ஃப்ரீசியாவின் பாதிரியார் டேவிட் ஃபப்ரீசியஸ் அதைக் கண்டார். சில மாதங்களில் அது மறைந்துபோனது. 1609இல் அதே இடத்தில் மறுபடி தென்பட்டது. 1638இல் யோகன்னஸ் ஹோல்வார்டா அது சுமார் பதினொரு மாதத்துக்கு ஒருமுறை வந்து போவதைக் கண்டுபிடித்தார். வானம் மாறாதது என்று நம்பிய ஐரோப்பாவுக்கு அது பெரிய அதிர்ச்சி. மீராவின் சுழற்சி சராசரியாக 332 நாள். உச்சத்தில் வெறுங்கண்ணுக்கு நன்றாகத் தெரியும், தாழ்வில் பைனாகுலரும் வேண்டியிருக்கும்.

இந்தக் கதையில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு, அதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தில் நார்மன் போக்சனின் கீழ் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867இல் ரெட்டிகுலம் மண்டலத்து விண்மீன் ஒன்று ஒளி மாறுவதைக் கண்டறிந்தார். ஆர் ரெட்டிகுலி என்ற அந்த விண்மீனும் மீரா வகையைச் சேர்ந்ததே. தெற்கில் வெகு தூரம் தள்ளியிருக்கும் அந்த மண்டலம் சென்னையிலிருந்து பார்த்தால் அடிவானத்துக்கு மேல் சுமார் 14 பாகையைத் தாண்டி உயராது. அந்தத் தாழ்ந்த, மங்கிய வானத்துண்டில் ஒரு விண்மீனின் ஒளி ஏறி இறங்குவதைப் பிடித்த அந்தக் கண்ணுக்கு நம் பாடநூலில் ஒரு பக்கம் கொடுக்கலாம்.

மீரா வகை விண்மீனின் ஒளி கண்ணுக்கு நூற்றுக்கணக்கான மடங்கு மாறுகிறது. அதன் மொத்த ஆற்றலோ அந்த அளவுக்கு மாறுவதில்லை. உச்சத்துக்கும் தாழ்வுக்கும் சுமார் இரண்டு மடங்குதான் வித்தியாசம். விரிந்து குளிரும்போது உறையில் டைட்டானியம் ஆக்சைடு போன்ற மூலக்கூறுகள் பெருகிக் கண்ணுறு ஒளியை விழுங்கிவிடுகின்றன, ஆற்றல் அகச்சிவப்புப் பக்கம் நகர்ந்துவிடுகிறது. இந்த விண்மீன்களை அவற்றின் சொந்த ஒளியில் பார்க்க வேண்டுமானால் அகச்சிவப்பில்தான் பார்க்க வேண்டும் என்பதற்கு இதுவே முதல் காரணம். இரண்டாவது காரணம் தூசி.

ஒவ்வொரு துடிப்பும் ஓர் அதிர்ச்சி அலையை வெளியே அனுப்புகிறது. அது மேற்பரப்பு வாயுவை மேலே தூக்குகிறது. அந்த வாயு திரும்ப விழுவதற்குள், விண்மீனின் ஆரத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு தொலைவில், சுமார் 1,500 கெல்வினுக்குக் கீழே குளிர்ந்துவிட்டால் அதிலிருந்து திடத் துகள்கள் ஒடுங்கத் தொடங்கும். அந்தத் துகள்கள்மேல் விண்மீனின் ஒளி மோதித் தள்ளும். தள்ளப்படும் துகள் அருகிலுள்ள வாயு அணுக்களை இடித்து, அவற்றையும் தன்னோடு இழுத்துப்போகும். நொடிக்கு 5 முதல் 30 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் ஒரு காற்று இப்படித்தான் பிறக்கிறது. வேகம் குறைவுதான், ஆனால் அளவு மலைக்க வைப்பது. சிம்மத்து ஐ.ஆர்.சி. +10216 ஆண்டுதோறும் இழக்கும் பொருளின் நிறை ஆறேழு பூமிகளுக்குச் சமம். விண்மீனின் உட்கருவில் நடக்கும் அணு எரிப்பைவிட, உறையைத் தின்றுகொண்டே போகும் இந்தக் காற்றுதான் அதன் ஆயுளை முடித்துவைக்கிறது. பெரும்பகுதி வாயு, தூசியின் பங்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. அந்தச் சிறு பங்கு இல்லாவிட்டால் காற்றே இல்லை.

எந்தத் தூசி உருவாகும் என்பதை ஒரே ஒரு கணக்கு தீர்மானிக்கிறது: உறையில் கார்பன் அணுக்கள் அதிகமா, ஆக்சிஜன் அணுக்கள் அதிகமா? கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்த கார்பன் மோனாக்சைடின் பிணைப்பு மிக வலியது. வாயு குளிரும்போது இரண்டில் எது குறைவோ அது முழுவதும் இந்த மூலக்கூறுக்குள் அடைபட்டுவிடும். மிஞ்சுவதுதான் தூசி செய்யும். ஆக்சிஜன் மிஞ்சினால் அது சிலிக்கான், மக்னீசியம், அலுமினியத்தோடு சேர்ந்து பாறைத்துகளாகும். நம் காலடி மண்ணின் உறவினம் அது. கார்பன் மிஞ்சினால் கரித்துகளும் சிலிக்கான் கார்பைடும் வரும். பிறக்கும்போது எல்லா விண்மீனிலும் ஆக்சிஜனே அதிகம். முதுமையில் ஹீலிய ஓடு அவ்வப்போது குப்பென்று எரியும்; அதில் புதிதாக உண்டான கார்பனைச் சில விண்மீன்கள் கலக்கி மேலே கொண்டுவருகின்றன. பல்லாயிரம் ஆண்டு இடைவெளிகளில் இது திரும்பத் திரும்ப நடந்து, ஒருநாள் தராசு சாய்கிறது. அதுவரை மணல் செய்துகொண்டிருந்த விண்மீன் அதற்குப்பின் கரி செய்யத் தொடங்குகிறது.

இதையெல்லாம் நூற்றுக்கணக்கான ஒளியாண்டு தூரத்திலிருந்து சொல்ல முடிவது எப்படி என்பதுதான் எனக்கு இதில் மிகப் பிடித்த பகுதி. ஒரு திடப்பொருளில் சிலிக்கானும் ஆக்சிஜனும் பிணைந்திருந்தால் அந்தப் பிணைப்பு ஓயாமல் நீண்டு சுருங்கும். அந்த அதிர்வு 10 மைக்ரானை ஒட்டிய ஒளியை உமிழும். அணுக்கள் வளைந்து நிமிரும் அதிர்வு 18 மைக்ரானை ஒட்டி வரும். வந்த ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து வரைந்தால் இந்த இரண்டு இடங்களிலும் மேடு எழும். சிலிக்கான் கார்பைடுக்கு அந்த மேடு 11.3 மைக்ரானுக்கு அருகில் இருக்கும். மேட்டைப் பார்த்தே கனிமத்தின் பெயரைச் சொல்லிவிடலாம்.

சொல்வது எளிது. 10 மைக்ரான் என்பது அறை வெப்பத்தில் உள்ள எல்லாப் பொருளும் பிரகாசிக்கும் அலைநீளம். தொலைநோக்கியே மின்னும், வானமும் மின்னும். போதாக்குறைக்கு வளிமண்டல ஓசோன் 9.6 மைக்ரானில், சிலிக்கேட் மேட்டின் தலைமேலேயே, ஒளியை விழுங்குகிறது. 1961இல் ஃபிராங்க் லோ திரவ ஹீலியத்தில் குளிர்வித்து இயக்கும் ஜெர்மானியம் உணரியைச் செய்த பிறகே இந்த அலைநீளங்களில் உருப்படியாக அளக்க முடிந்தது. 1968இல் அவரும் ஃப்ரெட் கில்லெட்டும் வேய்ன் ஸ்டைனும் சில குளிர்ந்த விண்மீன்களின் நிறமாலையில் 10 மைக்ரானில் ஒரு மேட்டைக் கண்டார்கள். அது சிலிக்கேட் துகளின் அடையாளம் என்று மறு ஆண்டு மின்னசோட்டாவின் நிக் வூல்ஃபும் எட்வர்ட் நேயும் இனம் கண்டார்கள். வானத்தில் பாறை இருப்பதை ஒளியைக் கொண்டே சொல்லிவிட்டார்கள். அதே 1969இல்தான் மனிதன் நிலாவிலிருந்து முதல் கல்லை எடுத்துவந்தான். உலகம் கொண்டாடியது ஒன்றை மட்டும்.

பிறகு கருவிகள் வளிமண்டலத்துக்கு மேலே போயின. 1983இல் ஏவிய ஐராஸ் செயற்கைக்கோள் பத்து மாதத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களின் நிறமாலையைப் பதிவுசெய்தது. அவற்றை வரிசைப்படுத்தியபோது மெல்லிய உறை கொண்ட விண்மீன்களில் 11, 12 மைக்ரானில் பரந்த மேடு தெரிந்தது. அது மிக உயர்ந்த வெப்பத்திலேயே ஒடுங்கிவிடும் அலுமினியம் ஆக்சைடின் வேலை. உறை தடிக்கத் தடிக்க 10 மைக்ரான் சிலிக்கேட் மேடு ஓங்குகிறது. இன்னும் தடித்தால் மேடு பள்ளமாகிவிடும்: உட்பக்கத் தூசி உமிழ்ந்ததை வெளிப்பக்கத் தூசியே விழுங்குகிறது.

1995 நவம்பரில் ஏவப்பட்ட ஐரோப்பாவின் ஐ.எஸ்.ஓ. ஆய்வகம் யாரும் எதிர்பாராத ஒன்றைக் காட்டியது. விண்மீன் தூசியில் அணுக்கள் ஒழுங்கின்றிக் கண்ணாடிபோல் உறைந்திருக்கும் என்றே நம்பியிருந்தார்கள். சுருதி சேராத நூறு தம்புராக்களை ஒன்றாக மீட்டினால் எந்த ஸ்வரமும் தனித்துக் கேட்காது. அத்தகைய துகளின் நிறமாலையில் மேடு அகன்று வழவழப்பாக இருப்பதும் அதனால்தான். ஐ.எஸ்.ஓ. பதிவுகளிலோ 23, 27, 33 மைக்ரான்களை ஒட்டிக் கூர்மையான சிகரங்கள் எழுந்து நின்றன. அவை படிகங்களின் குரல். ஃபோர்ஸ்டெரைட் என்ற மக்னீசியம் சிலிக்கேட்டும், என்ஸ்டடைட்டும் அவற்றில் இருந்தன. ஃபோர்ஸ்டெரைட் ஒலிவின் குடும்பத்துக் கனிமம். பூமியின் மேலோட்டுக்குக் கீழே உள்ள மேல் மூடகத்தில் பெரும்பகுதி ஒலிவின்தான். சேலத்து மேக்னசைட் சுரங்கங்களில் கிடைக்கும் டூனைட் பாறையும் பெரும்பாலும் ஒலிவினே. ஹேல்-பாப் வால்மீன் வந்தபோது அதே ஐ.எஸ்.ஓ. அதையும் நோக்கியது. அங்கும் ஃபோர்ஸ்டெரைட் சிகரங்கள் தெரிந்தன.

ஆனால் பாறைத்தூசியில் ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது. கரித்துகள் கறுப்பு, ஒளியை நன்றாக உறிஞ்சும், ஒளி அதைத் தள்ளுவதில் வியப்பில்லை. சிலிக்கேட்டுக்குக் கறுப்பு நிறம் தருவது இரும்பு. இரும்பு கலந்த துகள் விண்மீனுக்கு அருகில் உருவானால் ஒளியை உறிஞ்சிச் சூடாகி ஆவியாகிவிடும். இரும்பு இல்லாத துகள் அங்கே பிழைக்கும், ஆனால் அது ஏறத்தாழ நிறமற்ற கண்ணாடி. விண்மீன் அதிகமாக ஒளிரும் 1 மைக்ரானை ஒட்டிய ஒளி அதன் ஊடே அப்படியே போய்விடும். உறிஞ்சாத துகளை ஒளி எப்படித் தள்ளும்? 2006இல் பீட்டர் வாய்ட்கே கணினியில் கணக்குப் போட்டுப் பார்த்து, அந்தக் காற்று வீசவே கூடாது என்று காட்டினார். அதுவோ கண்ணெதிரே வீசிக்கொண்டிருக்கிறது. முப்பது நாற்பது ஆண்டுகளாக எல்லாரும் ஏற்றுக்கொண்டிருந்த விளக்கம், ஆக்சிஜன் மிகுந்த விண்மீன்களின் மட்டில், ஒரே கட்டுரையில் ஆட்டம் கண்டது.

இரண்டு ஆண்டு கழித்து உப்சாலாவின் சுசன்னே ஹோஃப்னர் வழி சொன்னார். உறிஞ்சினால்தான் தள்ள முடியும் என்பதில்லை. ஒளியைச் சிதறடித்தாலும் துகள் உந்தப்படும். சிதறல் வலுவாக இருக்கத் துகளின் அளவு ஒளியின் அலைநீளத்தை நெருங்கியிருக்க வேண்டும். வழக்கமாக எண்ணியதைவிடத் துகள்கள் பெரிதாக, ஒரு மைக்ரானின் சில பத்தில் பங்கு அளவுக்கு வளர்ந்தால் போதும், நிறமற்ற கண்ணாடியே காற்றைக் கிளப்பிவிடும். 2012இல் பார்னபி நாரிஸும் குழுவினரும் சிலியில் உள்ள பெரிய தொலைநோக்கியால் ஆர் டொராடஸ், டபிள்யூ ஹைட்ரே, ஆர் லியோனிஸ் ஆகிய விண்மீன்களின் முனைவாக்கம் பெற்ற ஒளியை அளந்தார்கள். மேற்பரப்பை ஒட்டியே, சுமார் 0.3 மைக்ரான் ஆரமுள்ள துகள்களின் ஓடு இருந்தது. கணக்கு சொன்ன இடத்தில், கணக்கு சொன்ன அளவில். அறிவியலில் இதைவிட அழகான தருணங்கள் அதிகம் இல்லை என்று நினைக்கிறேன்.

2003இல் ஏவப்பட்ட ஸ்பிட்சர் தொலைநோக்கி இந்த ஆய்வைப் பால்வழிக்கு வெளியே, மெகல்லன் மேகங்களுக்கு எடுத்துப்போனது. அங்கே சிலிக்கான், இரும்பு போன்ற கனமான தனிமங்கள் நம் பகுதியைவிடக் குறைவு. ஆகவே சிலிக்கான் கார்பைடின் மேடு மெலிந்திருந்தது. கரித்தூசிக்கோ பஞ்சமில்லை. ஏனென்றால் கார்பனை அந்த விண்மீன்கள் யாரிடமும் வாங்குவதில்லை, தாமே சமைக்கின்றன. தொடக்கத்தில் ஆக்சிஜனும் குறைவாகவே இருப்பதால் தராசு சீக்கிரம் சாய்ந்துவிடுகிறது.

நிறமாலை என்பது எப்படியும் தூரத்துச் சாட்சிதானே, துகளையே கையில் எடுத்துப் பார்த்தால்தான் நம்புவேன் என்று ஒருவர் சொல்லலாம். எடுத்துப் பார்த்தாயிற்று. 1969 செப்டம்பர் 28 அன்று ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் ஊரில் ஒரு விண்கல் விழுந்தது. அதன் துண்டுகளை அமிலங்களில் கரைத்து, கரையாமல் எஞ்சியதைத் தேடியபோது சிலிக்கான் கார்பைடுத் துகள்கள் கிடைத்தன. அவற்றின் ஐசோடோப்பு விகிதங்கள் சூரியக் குடும்பத்தின் எந்தப் பொருளோடும் ஒத்துப்போகவில்லை. பெரும்பாலானவை கார்பன் மிகுந்த முதிய விண்மீன்களின் காற்றில் ஒடுங்கி, விண்வெளியில் அலைந்து, சூரியன் உருவான மேகத்தில் சேர்ந்து, விண்கல்லுக்குள் புகுந்தவை. 2020இல் வெளியான ஆய்வு ஒன்றின்படி அவற்றில் மிகப் பழையவை சுமார் 700 கோடி ஆண்டுக்கு முந்தியவை. பூமியின் வயது 450 கோடி ஆண்டு. நாம் கையால் தொட்ட திடப்பொருள்களில் இவற்றைவிட மூத்ததாக அறியப்பட்டது இல்லை.

இவற்றில் ஒரு தடயம் என்னை மலைக்க வைக்கிறது. 1952இல் பால் மெரில் சில முதிய மாறுமீன்களின் நிறமாலையில் டெக்னீசியம் இருப்பதைக் கண்டார். அந்தத் தனிமத்துக்கு நிலையான ஐசோடோப்பே கிடையாது. டெக்னீசியம்-99இன் அரை ஆயுள் சுமார் 2.1 லட்சம் ஆண்டு. விண்மீனின் வயதோடு ஒப்பிட்டால் அது நேற்றுச் செய்தது. விண்மீன்களுக்குள் தனிமங்கள் இன்றும் உருவாகின்றன என்பதற்கு அதுவே முதல் நேரடிச் சான்று. டெக்னீசியம்-99 சிதைந்தால் ருத்தேனியம்-99 ஆகும். 2004இல் மர்ச்சிசன் சிலிக்கான் கார்பைடுத் துகள்களை ஒவ்வொன்றாக அளந்தபோது, அந்த ருத்தேனியம் கூடுதலாக இருந்தது. துகள் ஒடுங்கிய கணத்தில் அதற்குள் உயிரோடு அகப்பட்ட டெக்னீசியம், அங்கேயே அடங்கிப்போயிருக்கிறது.

நம் பேச்சிலும் பாடநூலிலும் "நாம் சூப்பர்நோவாவின் பிள்ளைகள்" என்ற வாக்கியம் நிலைத்துவிட்டது. அது பாதி உண்மை. ஆக்சிஜனுக்கும் சிலிக்கானுக்கும் பெருவிண்மீன்களின் வெடிப்புக்கு நன்றி சொல்லலாம். கார்பனில் பெரும் பங்கும், பேரியம், ஈயம் போன்றவற்றில் பெரும்பகுதியும் வெடிக்காத, சாதாரண விண்மீன்கள் முதுமையில் ஊதித் தள்ளியவை. வெடிப்பு கண்ணைப் பறிப்பதால் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இன்று ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி இருக்கிறதே, இனி இந்த விண்மீன்களுக்கு அதுதானே என்று தோன்றும். தொலைவில் உள்ளவற்றுக்குச் சரி. பக்கத்தில் இருக்கும் மீரா போன்றவை அதற்கு மிதமிஞ்சிய பிரகாசம். அதன் உணரிகள் திகட்டிப்போகும். 2 முதல் 45 மைக்ரான் வரை ஒரே வீச்சில் இவற்றை அளக்கும் விண்வெளிக் கருவி இப்போது எதுவும் இயங்கவில்லை. 1998இல் குளிரூட்டும் ஹீலியம் தீர்ந்துபோன ஐ.எஸ்.ஓ.வின் பதிவுகளையே ஆய்வாளர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். அவை யாரும் பார்க்கும்படி திறந்தே கிடக்கின்றன. நம் கல்லூரி மாணவர்களும் எடுத்து ஆராயலாம்.

அந்தப் பதிவுகளைப் புரிந்துகொள்ள இன்னொன்று வேண்டும்: நிறமாலை எடுத்த நாளில் விண்மீன் தன் துடிப்பில் எந்தக் கட்டத்தில் இருந்தது என்பது. அதைச் சொல்வது பெரும்பாலும் உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் கண்ணால் மதிப்பிட்டு எழுதிவைத்த ஒளியளவுகள்தான். 1911இல் தொடங்கிய அமெரிக்க மாறுமீன் நோக்கர்கள் சங்கம் அவற்றைச் சேர்த்துவைக்கிறது, எந்த நாட்டவரும் அனுப்பலாம். மீரா நம் ஊர் வானத்தில் மார்கழி, தை மாத முன்னிரவுகளில் உச்சிக்கு அருகிலேயே வரும். அது எந்த ஆண்டு எந்த மாதம் உச்ச ஒளியை எட்டும் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு, ஒரு விண்மீன் வரைபடத்தோடு மொட்டை மாடிக்குப் போங்கள். பக்கத்து விண்மீன்களோடு ஒப்பிட்டு அதன் ஒளியை மதிப்பிட்டுத் தேதியோடு எழுதுங்கள், இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள், அளவுகளை அனுப்பிவையுங்கள்.